இரண்டாவது வரிக்குப் பிறகு

நேற்று ஸ்டூடியோவில் செல்வி கைக்குட்டையில் நீலகிரித் தைலத்தை விட்டு முகர்ந்தாள். சாதாரண ஜலதோஷம்தான். அந்த வாடைக்கே நான் கிட்டார் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். நம் குழுவின் புது ஆல்பத்தில் உன் பாட்டை அவள்தான் பாடுகிறாள்.

நம் முதல் கேசட்டைப் பதிவு செய்ததும் வேங்கிக்கால் ஊரில் இதே மாடியறையில்தான். சுவரெல்லாம் சாக்கு, நம் நான்கு பேருக்கும் ஒரே மைக். சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேனை நிறுத்திக் கதவையும் அடைத்துவிடுவார்கள். உனக்கோ ஆஸ்துமா. நெஞ்சில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பாய். இரண்டாவது வரி முடிந்ததும் உனக்கு மூச்சு போதாது. அதனால் அந்த இடத்தில் வாத்தியங்களை நிறுத்தி, நீ மூச்செடுக்கும்வரை காத்திருப்பது என்று முடிவு செய்தோம். கேட்டவர்கள் புதுமையாக இருக்கிறது என்றார்கள். எனக்கோ உயிரே போய்விடும்போல் பயம். உன் கழுத்து நரம்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"மூச்சு வாங்கறது நானு, வேர்க்கறது உனக்கா? இன்னாடா நீ" என்று சிரிப்பாய்.

நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் என் பயம் பொய்க்கவில்லையே. அந்தப் பௌர்ணமியன்று உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன ஆட்டோ கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. "வழி வுடுங்கப்பா, ஆளு சீரியஸு" என்று டிரைவர் கத்திக்கொண்டே இருந்தார். என் தோளில் சாய்ந்தபடி ஒரு மூச்சை விட்டாய். அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தேன். காத்திருந்து பழகியவன்தானே, எப்படியும் எடுத்துவிடுவாய் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

இன்றும் அந்தப் பாட்டில் எங்கள் கைகள் அதே இடத்தில் தாமாக நின்றுவிடுகின்றன. நேற்றுப் பதிவு செய்த எஞ்சினியர் கம்ப்யூட்டரில் அதைக் காட்டி, "இங்க கேப் ஜாஸ்தியா இருக்குங்க. வெட்டிடட்டுமா?" என்று கேட்டார்.

செல்வியும், "ஆமாண்ணா. பாட்டே நின்னுடுச்சோன்னு பயமா இருக்குது" என்றாள்.

"எனக்கும்தாம்மா. ஆனா அது இருக்கட்டும்" என்றேன்.

மறுபடி ஒருமுறை பாடிப் பார்த்தோம். ஃபேனை நிறுத்தினார்கள். இரண்டாவது வரி முடிந்தது, கைகள் நின்றன. அந்த இடத்தில் இன்னமும் உனக்காகத்தான் காத்திருக்கிறேன். இந்த முறையாவது எடுத்துவிடு என்று மனசு கெஞ்சுகிறது.

செல்வி மூச்செடுத்தாள். எனக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது.