ஆட்சேபணை இல்லை

சடையங்குப்பம்
6 ஜூலை 2025

தம்பி வால்டருக்கு, அலி அக்பர் துவாவுடன் எழுதுவது.

நம் சங்கத்தின் மனுவில் நீ கையெழுத்துப் போடவில்லை. அது தப்பு.

கால்வாயை அடைத்து நம்மை வெள்ளத்தில் விட்ட கம்பெனியின் வக்கீலை உயர் நீதிமன்ற நீதிபதியாக்க டெல்லிக்குப் பெயர் போயிருக்கிறது. கம்பெனிக்காக வாதாடியதை நான் குறை சொல்லவில்லை. அது அவர் தொழில். ஆனால் எங்கேயோ காய்ந்து கிடந்த ஒரு தெருவைப் போட்டோ எடுத்து, இதுதான் சடையங்குப்பம், இங்கே தண்ணீர் ஏறவே இல்லை என்று நம் வெள்ள வழக்கில் கோர்ட்டில் கொடுத்தார். பொய் என்று நீ காட்டிய பிறகும் திரும்பப் பெறவில்லை. எதிரே நின்று பார்த்த வக்கீல் நீ ஒருவன்தான். நீ சொன்னால் சாட்சி. நாங்கள் சொன்னால் வயிற்றெரிச்சல்.

சங்கத்தில் மனுவைப் படித்தேன். "நம்ம வக்கீலு எங்க கீறாரு?" என்றான் நசீர். தாயம்மா, "வக்கீலு பேரே இல்லாத காயிதத்த எவன் படிப்பான் மாமு? மீனு கட்டத்தான் ஆவும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

உன் மனைவி டெபோராவுக்கு முதுகுவலி தேவலையா? மாமி கேட்கச் சொன்னாள்.

அலி அக்பர்

ராயபுரம்
11 ஜூலை 2025

அன்பு மாமு,

டெபோரா எழுந்து நடமாடுகிறாள். மாமி கொடுத்தனுப்பிய தைலம்தான்.

நேரில் சொல்லத் தைரியம் வராமல் எழுதுகிறேன். நீதிபதி பதவிக்கு அவர் பெயர் போன அதே பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால், கூட இருப்பவனைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்பார்கள். மனுவும் கெடும், என் பெயரும் கெடும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் பிள்ளை அந்த நாற்காலிக்குப் போனால் நம் ஜனங்களுக்கு நல்லதுதானே? அப்பா போன பிறகு என்னைச் சட்டம் படிக்கச் சொன்னதே நீங்கள்தானே?

கொஞ்சம் பொறுங்கள். நியமனம் முடியட்டும், பிறகு மனு அனுப்பலாம்.

உங்கள்
வால்டர்

சடையங்குப்பம்
15 ஜூலை 2025

தம்பி வால்டருக்கு,

நீ நீதிபதியாவதில் உன்னைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். உன் அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பான்.

ஆனால் நியமனம் முடிந்த பிறகு மனு என்கிறாயே, நிக்காஹ் முடிந்த பிறகா மாப்பிள்ளையை விசாரிப்பார்கள்? நாம் கேட்பது ஒன்றுதான். நியமிக்கும் முன்பே பெயரை வெளியே சொல்லி, அவரைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள் என்பதுதான். அது உன் பெயருக்கும் சேர்த்துத்தான். கேட்டால் நானே வந்து உன் நல்லதையெல்லாம் சொல்வேன். பட்டியலில் பெயர் வந்ததும் போட்டோவைப் பற்றி வாய் திறக்காமல் இருந்ததையும் சொல்வேன்.

இனி ஆக வேண்டியது. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டியது தாயம்மா. மனுவைப் பதிவுத் தபாலில் டெல்லிக்கு அனுப்ப வேண்டியது நசீர். அந்தப் போட்டோவுக்குக் கோர்ட்டில் சான்றிட்ட நகல் எடுக்க வேண்டியது ஆஃபியா. உன்னிடம் ஜூனியராக இருந்த பெண்தான், சம்மதித்துவிட்டாள். வெள்ள வழக்கையும் இனி அவளே நடத்துவாள்.

வக்கீல் மாறினால் பழைய வக்கீல் சம்மதம் எழுதித் தருவது உங்கள் வழக்கமாம். ஆஃபியா பெயருக்கு எழுதிய புது வக்காலத்துப் பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது நீ. இந்தக் கையெழுத்தால் உன் பெயருக்கு ஒன்றும் வராது.

அலி அக்பர்