உன் கட்டியும் என் கட்டியும்

என் அன்புக்கும் பொறாமைக்கும் சொந்தக்காரியான பூங்கொடி அக்காவுக்கு,

போன வாரம் எனக்கு ஆபரேஷன் முடிந்தது. உனக்கு வந்த மாதிரியே சினைப்பையில் கட்டி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று முடிவு வந்தது. "சாதாரணக் கட்டிதானுங்கம்மா, புற்று இல்லை" என்றார் டாக்டர். அம்மா அழுதாள். "எம் பூங்கொடிக்கும் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா!" என்று அழுதாள். நான் பிழைத்த நாளிலும் அவளுக்கு நீதான் அக்கா. சத்தியமாக எனக்கு வயிறு எரிந்தது.

முதலிபாளையம் பனியன் கம்பெனியில் உன்னைச் சேர்த்துவிட்டதே நான். ஓவர்லாக் தையல் மிஷினில் உனக்குக் கை பழக்கியதும் நான். ஆனால் லைன் சூப்பர்வைசர் வேலை உனக்குப் போனது. அன்று நீ கொடுத்த மைசூர்பாகை நான் தின்னவில்லை, தெரியுமா? டிபன் டப்பாவிலேயே வைத்து எறும்புக்கு விட்டேன்.

அந்த வருஷம்தான் உன் கட்டி தெரிந்தது. "பயப்படாதீங்க, இப்ப சாதாரணமாத்தான் இருக்குது. ஆனா உள்ளே சின்னதா ஒரு தடிப்பு தெரியுதுங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுத்துப் பாக்கோணும், வளர்ந்தா எடுத்துரலாம்" என்றார்கள். முதல் தடவை போனாய். அடுத்த முறை ஷிப்மெண்ட் நெருக்கடி.

"சுமதி, நாளைக்கு ஒருநாள் என்ற லைனைப் பாத்துக்கறயா கண்ணு? ஸ்கேனுக்குப் போயிட்டு ஓடியாந்தர்றேன்."

"சூப்பர்வைசர் நீதான? எனக்கெதுக்கு அந்தத் தலைவலி?"

நீ கோபப்படவில்லை. "சரி, ஷிப்மெண்ட் போகட்டும்" என்றாய். அது போனது, அடுத்தது வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் நீ அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு வயிறு உப்பியது. இரண்டு இட்லிக்கே போதும் என்றாய். வாயுத் தொல்லை என்று சீரகத் தண்ணீர் குடித்தாய். கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனபோது வயிற்றில் நீர் கோத்திருந்தது. சாதாரணமாக இருந்த கட்டி புற்றாக மாறிவிட்டது, அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆகும் என்றார்கள். கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்தார்கள். அதன்பின் கீமோ.

அன்றைக்கு ஸ்கேனுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாயா? நேற்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார். போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் லைன் பெண்கள் மொத்தப் பேரும் உன்னைப் பார்க்க வந்தார்களே, நினைவிருக்கிறதா? முடி கொட்டிய உன் தலையைத் தடவித் தடவிக் கொஞ்சினார்கள். நான் சுவரோரம் நின்றேன். நோயாளியைப் பார்த்தும் பொறாமைப்படுகிற ஜென்மம் உண்டா? நீ கண்டுபிடித்துவிட்டாய். "ஏண்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற? என்ற கட்டில்ல நீ படுத்துக்கறயா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் என்னை அருகில் இழுத்து, "நீயும் ஒருக்கா ஸ்கேன் எடுத்துரு சுமதி" என்றாய்.

நீ போனபிறகுதான் எடுத்தேன். கட்டி இருந்தது. அக்காவுக்கு வந்த வியாதி என்பதால் காத்திருக்காமல் எடுத்துவிட்டார்கள். என் உயிரும் நீ போட்ட பிச்சை என்று ஊரே பேசுகிறது.

இப்போது உன் லைன் என்னிடம்தான். கொஞ்சம் சத்தம் போட்டால் போதும், "பூங்கொடிக்கா இருந்தாங்கன்னா இப்படிப் பேசமாட்டாங்க" என்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

உன் மகள் நந்தினி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பெற்றவளுக்கு வந்த வியாதி என்பதால் அவளும் டாக்டரிடம் வந்து ஆலோசனை கேட்க வேண்டும் என்கிறார்கள். போன மாதம் அவள் கேட்டாள்: "சித்தி, அம்மா ஏன் அந்த ஸ்கேனுக்குப் போகல?" ஷிப்மெண்ட் என்றேன். அது பாதி உண்மை. அதற்குப் பிறகு அவள் என் மடியில் தலை வைத்துப் படுக்கும்போதெல்லாம், உனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்படுகிறேன். அடுத்த கணம் உடம்பு கூசுகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மீதியையும் அவளிடம் சொல்லிவிடுவேன் அக்கா. நீ என்னைக் கேட்டதை, நான் மறுத்ததை, ஏன் மறுத்தேன் என்பதை. அவள் என் முகத்தில் விழிக்காமல் போகலாம். போகட்டும். ஆனாலும் டாக்டர் வரச்சொல்லும் ஒவ்வொரு நாளும் அவள் வாசலில் போய் நிற்பேன். அவள் என்னோடு பேசாமல் வந்தாலும் சரி, கூட்டிக்கொண்டு போவேன்.

உன் கூடப் பிறந்தவள்,
சுமதி