மீட்டர் தெரிகிற சீட்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஷாமிளா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகமா என்று கேட்க நினைத்தேன். சிறையில் இருப்பவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். அம்மா உங்களைப் பார்க்க வரும்போது இதைத் தருவார். நான் வந்தாலும் கம்பிக்கு முன்னால் நின்று எனக்குப் பேச வராது.

மழை விடவில்லை. ரப்பர் பால் வெட்டு இல்லாததால் அம்மா வீட்டில்தான் இருக்கிறார். நான் கார்மென்ட் வேலைக்குப் போகிறேன். நீங்கள் ஓட்டிய வேன் இல்லாததால் இப்போது வேறு வேன். புது டிரைவர் என்னைப் பின்னால் உட்காரச் சொல்கிறார். வாந்தி வந்தால் பையில் எடுத்துக்கொள்கிறேன். வந்து தூங்குகிறேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று தெரிவதில்லை.

நேற்று அந்த வளைவில் போனபோது ஐம்பது என்று போட்டிருக்கும் போர்டைப் பார்த்தேன். அதற்காக நீங்கள் பிரேக் பிடித்து நான் பார்த்ததில்லை. முனியாண்டி கோயிலுக்கு மெதுவாக்குவீர்கள். தோட்டத்துத் தொரையின் ஜீப் வந்தால் மெதுவாக்குவீர்கள். எதிரே வருகிற லொறி லைட் அடித்துக் காட்டினால், முன்னால் பொலிஸ் என்று மெதுவாக்குவீர்கள். போர்டைத் தாண்டியதற்கு உங்களை யாரும் ஏசியதில்லை. பெக்டரி கேட் மூடியிருந்தால்தான் வேனில் எல்லோரும் ஏசுவார்கள். ஒரு நாள் பிந்தினாலும் அந்த மாத வருகைக் காசு இல்லையே.

அன்றைக்கும் ஒரு லொறி லைட் அடித்தது. நீங்கள் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போனீர்கள். பொலிஸுக்குக் கைகூடத் தூக்கினீர்கள். தாண்டியதும் புஷ்பம் அக்கா பின்னாலிருந்து, "இனி எஹலியகொட வரைக்கும் ஒருத்தனும் நிக்க மாட்டான். மிதிங்க தம்பி, சாமி ஊர்வலமா போறோம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். மீட்டர் ஊசி எண்பதைத் தாண்டியது. பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியாது. முன் சீட்டில் இருந்த எனக்குத் தெரிந்தது. வளைவில் கடைக்கார அஸீஸ் நானாவின் மனைவி ஸைனம்பு ராத்தா ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்.

உங்கள் வழக்கைப் பேசுகிற லோயர் எங்களை இரத்தினபுரிக்குக் கூப்பிட்டார். டயர் அடையாளம் மழையில் கழுவிப் போனது நல்லதாம். வேன் நாற்பதில்தான் வந்தது, அந்தப் பொம்பிளைதான் ஓடி வந்து விழுந்தார் என்று நான் சொன்னால் போதுமாம். புஷ்பம் அக்கா பொலிஸில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். "கோர்ட்ல சத்தமா பேசணும் பிள்ள, இப்புடி காலைப் பாத்துகிட்டு நிக்கக் கூடாது" என்றார் லோயர். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தலை வாரி விடும்போது மட்டும், "எனக்கு ஒத்த ஆம்பளப் புள்ள" என்றார்.

அஸீஸ் நானாவின் கடைக்குச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனேன். பக்கத்தில் வேறு கடை இல்லை. ஸைனம்பு ராத்தா உயிரோடு இருந்தவரை உட்கார்ந்து காசு வாங்கிய இடத்தில் இப்போது மகள் ஜுமானா இருக்கிறாள். நானா ஏசவில்லை. பாணைச் சுற்றிக்கொண்டே, "மகள், நீங்க முன்னுக்குத்தானே இருந்தீங்க. எங்கட ஆள் ஓடி வந்து உழுந்த எண்டு செல்றாங்க. அவவுக்கு முழங்கால் வருத்தம், ஓட ஏலாதே. நீங்க கண்டீங்களா?" என்று கேட்டார். நான் பாணை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அழுகையும் வரவில்லை.

அவர் நடந்துதான் வந்தார் அண்ணா. நிறுத்தச் சொல்லிக் கையும் காட்டினார். நீங்களும் கண்டீர்கள்.

வருகிற வழக்குத் தவணைக்கு என்னைக் கூண்டில் ஏற்றுவார்களாம். பள்ளிக்கூடத்தில் எழுப்பிக் கேள்வி கேட்பார்கள் என்ற பயத்திலேயே படிப்பை விட்டவள் நான். எனக்குப் பொய்யைக் கோர்த்துச் சொல்லத் தெரியாது. எழுப்பிக் கேட்டால், கண்ணில் பட்டதுதான் வாயில் வரும்.

அதனால் எனக்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். எத்தனை வருஷம் போட்டாலும், நீங்கள் வருகிற அன்றைக்கு அம்மாவும் நானும் பஸ் நிற்கிற இடத்தில் வந்து நிற்போம். அம்மா பெற்ற ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை காட்டிக்கொடுத்தது என்று மட்டும் ஆக விடாதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்கு நல்லது நடக்கக் கும்பிடும்

தங்கச்சி,
ஷாமிளா