மோதிரத்துக்கு அடியில்

மார்ச் 4

அன்பு அக்காவுக்கு,

இங்கு நலம். உன் முழங்கால் வலியும் அத்தானின் குறட்டையும் எப்படி?

முழங்கைக்குக் கீழே நகை கூடாது என்று தலைமை ஆஸ்பத்திரியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பார்த்தால் உன் கையெழுத்து. ஊருக்கெல்லாம் உத்தரவு போடு, எனக்கு மட்டும் விலக்குக் கொடு. அம்மாவின் மோதிரம் இது. கழற்றினால் அவள் இன்னொரு தரம் சாவது போலிருக்கிறது. கை நன்றாகத்தான் கழுவுகிறேன்.

உன் தங்கச்சி


மார்ச் 11

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கழுவுவது கையை. மோதிரத்துக்கு அடியில் சோப்பு போகாது, கிருமி போகும். உன்னுடையது குறைமாதக் குழந்தைகள் வார்டு. அம்மா இருந்தால், "அக்கா சொல்றதைக் கேளுடி கழுதை" என்றிருப்பாள். கழற்றிப் பெட்டியில் வை.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

கழற்றிவிட்டேன். ஜன்னலோரத் தொட்டில் குழந்தை போன பிறகு. இரத்தத்தில் கிருமியாம். அதன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தொட்டாத்தான் சிஸ்டர் அழுகையை நிறுத்தும்" என்றாள். லேப் ஆட்கள் வந்து எல்லோர் கையையும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துப் போனார்கள், என் மோதிரத்துக்கு அடியிலும். அப்புறம்தான் கழற்றினேன்.

இப்போது கை கழுவும்போது விரலில் மோதிரம் சுழலுகிறது. சோப்பு அதில் இடறுகிறது. துடைத்துப் பார்த்தால் வெறும் விரல். அம்மா பக்கத்தில் நின்று என் கையோடு தன் கையையும் கழுவுகிறாள். பயமாக இருக்கிறது.

லேப் முடிவு உன் மேசைக்குத்தான் வரும். அந்தப் பிள்ளையைக் கொன்றது அம்மாவின் மோதிரமா? மழுப்பாமல் சொல்.

தங்கச்சி


ஏப்ரல் 15

என் தங்கச்சிக்கு,

பொய் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. குழந்தையின் இரத்தத்தில் இருந்ததும் உன் மோதிரத்தடியில் இருந்ததும் ஒரே கிருமி. இன்னும் இரண்டு பேர் கையிலும் அது இருந்தது. யாரிடமிருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அறிக்கையில் பெயர் வராது. லீவு போட்டுவிட்டு இங்கே வா, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

வரவில்லை. வேலையை விட்டுவிட்டேன். மோதிரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், நீயே போட்டுக்கொள். உன் கை யாரையும் தொடுவதில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைக்கூடக் கையுறை போட்டுத்தான் தொட்டாய். நீ கிளம்பிப் போனதும் என்னைக் கூப்பிட்டு, "பெரியவ கை எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுடி" என்றாள்.

நீ மழுப்பாமல் சொன்னாய். நானும் சொல்லிவிட்டேன்.

தங்கச்சி