முப்பத்தோராம் பக்கத்து மரம்

என் அருமை மச்சான் மாணிக்கத்துக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உன்மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. செத்தவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் உன் நோட்டுப் புத்தகத்தைப் படித்ததில்லை.

உன் தங்கச்சி பார்வதி வருஷத் திதிக்கு நினைவு மலர் போடுகிறாள். முதலில் உன் படம், பிறகு தேவாரம், அதற்குப் பின்னால் அந்த நோட்டில் நீ எழுதிய கணித நிரூபணம் முழுக்க. ஹட்டனில் அச்சுக்கூடக்காரரிடம் முடிவிலிக் குறிக்கு எழுத்து இல்லை. "எட்டைப் படுக்கப் போட்டுக்கிறேன் மாஸ்டர், சரியா வந்துரும்" என்றார். குறி வந்துவிடும். கணக்குத்தான் வராது, மச்சான். முப்பத்தோராம் பக்கத்தில் தப்பு இருக்கிறது.

கணக்கில் வரைகிற மரம் ஒன்று, முடிவில்லாமல் உயர்கிறது. ஒவ்வொரு மட்டத்திலும் எண்ணி முடிக்கிற அளவு கிளைகளே உண்டு. அப்படியானால் நிற்காமல் மேலே போகிற ஒற்றைப் பாதை ஒன்று கட்டாயம் இருக்கும். கொழும்பில் ஒன்றாகப் படித்தபோது இதை நீதான் எனக்குப் புரியவைத்தாய். "சந்திக்குச் சந்தி நின்னு பாரு. எந்தப் பக்கம் மேல முடிவில்லாம கெடக்கோ, அந்தப் பக்கம் திரும்பு. அம்புட்டுத்தான்டா." இன்றைக்கும் என் வகுப்பில் அதையே சொல்கிறேன்.

அதோடு விட்டாயா? அப்பா இறந்து, படிப்பைப் பாதியில் போட்டுவிட்டுப் பொகவந்தலாவைத் தோட்டத்தில் பெக்டரிக் கிளாக்கராகப் போன பிறகு, தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அடுத்த முடிவிலிக்கு ஏறினாய். அங்கே முடிவில்லாத மட்டங்களைத் தாண்டிய பிறகும் மேலே மட்டங்கள். ஒரு மட்டத்தில் உள்ள கிளைகளை ஒன்று, இரண்டு என்று வரிசையில் நிறுத்தலாம். மட்டங்களை அப்படி நிறுத்தவே முடியாது. அந்த மரத்திலும் எல்லா மட்டத்தையும் தொட்டுப் போகும் பாதை உண்டு என்று நிரூபிக்கக் கிளம்பினாய்.

முடிவில்லாத படிகளை ஏறி முடித்த ஒரு பாதைக்கு அதற்கும் மேலே ஒரு படி இருக்கும் என்று உனக்கு யார் சொன்னது? நீ எழுதியிருக்கிறாய்: "இவ்விடத்தில் பாதை தானாகத் தொடரும்." அடேய்! கவ்வாத்து வெட்டி மொட்டையாக நிற்கும் தேயிலைதான் தானாகத் துளிர்க்கும். பிறந்ததிலிருந்து அதையே பார்த்தவன், எல்லாம் துளிர்க்கும் என்று நம்பிவிட்டாய். எந்த மட்டத்திலும் கிளை உண்டு, ஆனால் எல்லா மட்டத்தையும் தொடுகிற பாதை ஒன்றுகூட இல்லை. அப்படியொரு மரத்தை நாம் அரிச்சுவடி படிக்கும் முன்பே ஒருவர் கட்டிக் காட்டிவிட்டார்.

உன்னைக் காப்பாற்றப் பார்க்காமல் இல்லை. வெளிநாட்டில் இப்போது மிகப் பெரிய முடிவிலிகளைப் பற்றி எழுதுகிறார்கள். ஏணி வைத்தாலும் எட்டாத பெரியவை. அவற்றில் சிலவற்றின் உயரத்துக்கு மரம் வளர்ந்தால் நீ கேட்ட பாதை கட்டாயம் கிடைக்கும். ஆனால் அவை இருக்கின்றன என்று நம் கையில் உள்ள விதிகளை வைத்து நிரூபிக்க முடியாது. உண்டு என்று எடுத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அப்படி எடுத்துக்கொண்டாலும் உன் மரம் அவ்வளவு உயரமில்லை, அதற்கு அது உதவவில்லை. ஒரு மாதம் முட்டிப் பார்த்தேன், மண்டைதான் வலித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அடுப்படியில் பார்வதியிடம் சொன்னேன்.

"அண்ணன் கணக்கு தப்பு. மலர்ல போட வேணாம்."

அடுப்பிலிருந்து திரும்பினாள். "ஆஸ்பத்திரியில நீங்கதானே சரின்னு சொன்னீங்க? அன்னைக்குத்தான் அண்ணன் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிச்சு."

ஆமாம், சொன்னது நான்தான். காமாலையில் மஞ்சளாகக் கிடந்துகொண்டு, "பாத்தியாடா? முப்பத்தொன்னு தாண்டினியா?" என்று கேட்டாயே, அப்போது நான் பத்துப் பக்கம்கூடப் பார்க்கவில்லை. பரீட்சைத் தாள்கள், பிரஜாவுரிமை விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வரும் தோட்டத்து லயத்துச் சனங்கள் என்று ஆயிரம் சாக்கு. "எல்லாம் சரியா இருக்குடா" என்றேன். நீ சிரித்தாய்.

அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் கேட்டாய், மச்சான்? உனக்கே சந்தேகம் இருந்ததா? நான் படித்துவிட்டு வந்து "தப்பு" என்று சொல்லியிருந்தால், எழுந்து உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டிருப்பாய். அந்தச் சண்டையை உனக்குத் தராமல் அனுப்பிவிட்டேன். உன்மேல் கோபம் என்று இவ்வளவு நேரம் எழுதியதெல்லாம் சும்மா. எனக்கு என்மேல்தான் ஆத்திரம்.

படிக்காமலே சரி என்று சொன்னதையும் பார்வதியிடம் ஒளிக்கவில்லை. அடுப்பை அணைத்தாள். பிறகு சொன்னாள்: "தப்புன்னா தப்போடயே போடுங்க. அண்ணன் கணக்கத் தப்பா போட்டுச்சுன்னு நாலு பேரு சொல்லட்டும், ஒண்ணுமே போடலன்னு யாரும் சொல்லக் கூடாது. நீங்க பொய் சொன்னதையும் சேத்துப் போடுங்க."

போடுகிறேன், மச்சான். உன் வரி ஒன்றையும் மாற்ற மாட்டேன். அந்தப் பக்கத்தின் அடியில் என் குறிப்பு வரும்: "இங்கே தப்பு இருக்கிறது. எழுதியவர் உயிரோடு இருந்தபோதே இதைப் பற்றிக் கேட்டார். கேட்கப்பட்டவன் படிக்காமலே சரி என்று சொன்னான்." கீழே என் பெயரும் இருக்கும்.

உன் தங்கச்சி புருஷன்,
கருப்பையா