ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி திருப்பித் தரவேண்டிய புத்தகங்கள்

சார்,

நேற்று விஜயநகர் தபால் ஆபீசில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஒரு சின்னப் புட்டியைத் திறந்து ஸ்டாம்ப் பேடில் ஊதா மையை ஊற்றினாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் வரிசையிலிருந்து ஓரடி விலகிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கூத்கொள்ளி மேடம்", உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினாள். ஒன்றுமில்லையம்மா, பழைய ஆள் ஒருவர் ஞாபகம் வந்துவிட்டார் என்றேன். லேசாகச் சிரித்தாள். நீ நினைக்கிற மாதிரி ஞாபகம் இல்லை தாயே என்று அங்கே நின்று விளக்கவா முடியும்?

நீங்கள் செத்துப்போய் நாலு மாதம் ஆகிறது. காய்கறிக் கடையில் நம் காலேஜின் பழைய டைப்பிஸ்ட் அம்மாதான் சொன்னாள். "உங்க சார் போயிட்டாராம், பெங்களூர்ல மகன் வீட்டுல." நான் அப்படியா என்று சொல்லிவிட்டுக் கொத்தமல்லிக் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான் கண்ணைத் துடைப்பேன் என்று அவள் காத்திருந்தாள். துடைக்கவில்லை என்றதும், "பாவம், உங்களுக்கு எவ்வளவு செஞ்சாரு" என்றாள். அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

காலேஜில் இரங்கல் கூட்டம்கூட நடந்ததாம். யாரோ எழுந்து, புத்தகங்களின் காவலர் என்று உங்களைப் புகழ்ந்தாராம். காவலர்தான், யார் இல்லையென்றது. ஜெயிலுக்கும் காவலர் உண்டு.

நம் லைப்ரரியில் இருந்த நல்ல புத்தகங்களெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. பன்னிரண்டு அலமாரி, பன்னிரண்டு சாவி, எல்லாம் ஒரே வளையத்தில், அந்த வளையம் உங்கள் கோட்டுப் பையில். புதுப் புத்தகம் வந்தால் அதன் மேலட்டையைக் கழற்றி, 'புதிய வரவு' பலகையில் குண்டூசி குத்தி மாட்டுவீர்கள். அட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடிவந்து கேட்டால் புத்தகம் அலமாரியில் இருக்கும், சாவி பையில் இருக்கும், நீங்கள் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பீர்கள். எனக்குத் தெரிந்து அந்த அடுத்த வாரம் வந்ததே இல்லை. "புத்தகம் தேயக் கூடாதும்மா" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! தேயாமல் வைத்திருந்து யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தீர்கள்.

ஆனால் கண்காட்சி என்றால் உங்களுக்கு எங்கிருந்துதான் அந்தச் சுறுசுறுப்பு வருமோ. தசரா வந்தால் வாசிப்பறை மேசைகளையெல்லாம் இழுத்துப்போட்டு ஒன்பது படி கட்டுவீர்கள். வெள்ளை வேட்டி விரித்து, மரப்பாச்சி ராஜா ராணியை உச்சியில் நிறுத்தி, கீழ்ப் படிகளில் கலைக்களஞ்சியத் தொகுதிகளை வரிசையாக நிறுத்துவீர்கள். கிட்டே யாரும் வரக் கூடாதென்று கயிறு வேறு. மேசை போனதால் பிள்ளைகள் வராந்தாவில் சம்மணம் போட்டுப் படித்தார்கள். நவம்பரில் கன்னடக் கொடியின் சிவப்பு மஞ்சள் காகிதம், ஜனவரியில் விவேகானந்தர் படம், கோடையில் அந்துருண்டை. வாசலில் 'எங்கள் சேவைகள்' என்று ஒரு பலகை. அதில் முதல் சேவை ஜெராக்ஸ். அந்த மெஷினுக்கு ஆயுத பூஜையில் வைத்த குங்குமம் அடுத்த ஆயுத பூஜை வரை அழியாமல் இருக்கும், பிரின்சிபாலுக்கு ஏதாவது வேண்டுமென்றால் மட்டும்தான் அதன் மேல் போர்த்திய துணி விலகும். உங்கள் கையெழுத்து மட்டும் அழகு, அதை ஒப்புக்கொள்கிறேன். கண்காட்சிக்கு நீங்கள் எழுதிய அட்டைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். படிக்கத்தான் அதில் ஒன்றும் இருக்காது.

லைப்ரரி என்று ஒன்று உண்மையில் நடந்தது பகல் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரைதான். உங்களுக்கு அது கடைசிவரை தெரியாது, இப்போது சொல்கிறேன். ஒரு மணிக்குக் கோட்டைக் கழற்றிப் பின்னறை ஆணியில் மாட்டுவீர்கள். தயிர்சாதம், அதற்கப்புறம் நாற்காலியிலேயே ஒரு தூக்கம். நீங்கள் குறட்டை விட ஆரம்பித்ததும் அட்டெண்டர் சித்தய்யா பூனை நடை நடந்து போய்ச் சாவி வளையத்தை எடுத்துவருவார். சித்தய்யாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நிறத்தையும் தடிமனையும் வைத்து எந்தப் புத்தகம் எங்கே என்று சொல்லிவிடுவார். பிள்ளைகள் அலமாரி முன்னால் நின்றபடியே படிப்பார்கள், குறிப்பெடுப்பார்கள். நான் கவுண்டரில் காவல். இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சித்தய்யா தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான், புத்தகம் உள்ளே, சாவி கோட்டில். ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து நீங்கள் அலமாரிக் கண்ணாடியைத் துடைப்பீர்கள், அதில் யார் கைரேகை இருக்கிறதென்று முணுமுணுப்பீர்கள். நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம், பார்த்தால் சிரித்துவிடுவோம்.

அப்போது நான் நாலு வருஷமாக அங்கே தற்காலிக உதவியாளர். அப்பா ரயில்வேயில் ரிட்டையர் ஆக ஒரு வருஷம்தான் பாக்கி, ஆனதும் க்வார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் எனக்கு ஆர்டர் வந்தால்தான் வாடகை வீடு என்று ஒன்றைப் பற்றிப் பேசவே முடியும். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்பாள், "இன்னிக்காவது ஏதாவது சொன்னாரா?" நீங்கள் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தீர்கள். திட்டுவதென்றால் எல்லோர் முன்னாலும் கன்னடத்தில். கூடுதல் வேலை வாங்க வேண்டுமென்றால் மட்டும் தமிழ் தேனாக வழியும். "நம்ம பொண்ணாச்சேன்னு உன்கிட்ட சொல்றேன்மா. பர்மனென்ட் ஆர்டர் பந்துபிடுத்தே, வந்துடும், நான் இருக்கேன்ல?"

அந்தத் தேன் வழிந்த ஒரு நாளில்தான் கமிட்டி வருகிற செய்தி வந்தது. வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்து காலேஜைப் பார்த்து மதிப்பிடப் போகிறார்கள், லைப்ரரியில் புத்தகங்கள் புழங்குகின்றனவா என்றும் பார்ப்பார்கள். உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு, எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டுமென்று முத்திரை குத்துவோமே, அந்தச் சீட்டு உங்கள் அலமாரிப் புத்தகங்களில் வெள்ளையாக இருந்தது. யாரையும் தொடவிடாதவர் நீங்கள். இப்போது எல்லோரும் தொட்ட மாதிரி இருக்க வேண்டும். வெட்கமே இல்லாமல் என்னிடம் வந்து நின்றீர்கள். "ஏம்மா, ரெண்டு மூணு வருஷத்துத் தேதி மாத்தி மாத்திப் போட்டுடு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கப்படாது, தெரிஞ்சுதா?"

தெரிந்தது. நான் மாட்டேன் என்றா சொன்னேன்? மூன்று நாள் சித்தய்யா அலமாரியிலிருந்து கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார், நான் முத்திரையின் சக்கரத்தைத் திருகித் திருகிக் குத்தினேன். மற்ற நாட்களில் சுவரிலிருக்கும் காலண்டரைப் பார்த்து, விடுமுறை வராத நாளாகப் பார்த்துத்தான் தேதி வைப்போம். போன வருஷத்துக் காலண்டருக்கு எங்கே போவது? ஆகஸ்ட் பதினைந்துக்குக் காலண்டர் எதற்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள். கை குத்திக்கொண்டிருந்தது, புத்தி ஆர்டரிலும் வாடகை வீட்டிலும் இருந்தது. சித்தய்யா ஒரு தடவை சீட்டைப் பார்த்துவிட்டு, "இதெல்லா யாக்கே அம்மாவ்ரே?" என்று கேட்டார். எதற்கு இதெல்லாம் என்கிறார். நீங்கள் எடுத்து வையுங்கள் சித்தய்யா என்று சொல்லிவிட்டேன்.

கமிட்டி வந்தது. மெலிந்த உருவமாய் ஒரு பேராசிரியை அம்மா. உங்கள் கண்காட்சியைத் திரும்பியும் பார்க்காமல் நேராக அலமாரிக்குப் போனார். ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். இன்னொன்று. மற்றொன்று. பிறகு மெதுவாக உங்களிடம் கேட்டார், சுதந்திர தினத்தன்று உங்கள் லைப்ரரி திறந்திருக்குமா? நீங்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "இல்லை மேடம், சர்க்கார் விடுமுறை ஆயிற்றே" என்றீர்கள். அவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். அடுத்ததில் காந்தி ஜெயந்தி. அதற்கடுத்ததில் குடியரசு தினம். பிரின்சிபால் உங்களைப் பார்த்தார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், ஒரு நொடிதான். அப்புறம் கண் நகர்ந்து, காபித் தட்டை ஏந்தி நின்ற சித்தய்யா மேல் போய் நின்றது. "இவனே சார், சீல் ஹாகோது. ஓது பரஹ கொத்தில்லா" என்றீர்கள். முத்திரை குத்துவது இவன்தான், எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று. இருபது வருஷமாக அந்த முத்திரையைத் தொட நீங்கள் அவரை விட்டதே இல்லை. ஆயுத பூஜையில் அதற்குக் குங்குமம் வைப்பதுகூட நீங்கள்தான். தப்பு என்னுடையது என்று சொல்ல அந்த அறையில் இன்னொரு ஆளும் இருந்தார் சார், நீங்கள். அது உங்களுக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது.

சித்தய்யா, "நானு சீல் முட்டே இல்லா..." என்று ஆரம்பித்தார். தொட்டதே இல்லை என்று. ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. நீங்க சொல்லுங்கம்மா என்கிற மாதிரி பார்த்தார். நான் வருகைப் பதிவேட்டை இழுத்து, அன்றைய தேதியைப் போட்டு, அதன் கீழே கோடு கிழித்தேன். ஸ்கேல் வைத்து, நேராக.

அடுத்த வாரம் சித்தய்யாவை கேட் வேலைக்கு மாற்றினார்கள். கமிட்டி அறிக்கையில் லைப்ரரி ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்ததாம். பகல் ஒரு மணி வாசிப்பு நின்றுபோனது. பிள்ளைகள் சில நாள் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதத்தில் எனக்கு ஆர்டர் வந்தது. பின்னறைக்குக் கூப்பிட்டு உறையைக் கொடுத்தீர்கள். "உனக்காகத்தாம்மா பண்ணேன். அன்னிக்கு உன் பேரைச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும், யோசிச்சுப் பாரு. மறந்துடாதே." நான் தேங்க்ஸ் சார் என்றேன். அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள்.

அந்த 'உனக்காக' இருக்கிறதே, அதற்காகத்தான் உங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பொய் சொன்னதை மன்னித்துவிடலாம், பயந்தாங்கொள்ளிகள் பொய் சொல்வார்கள். அந்த அசிங்கத்தைப் பொட்டலம் கட்டிப் பரிசு மாதிரி என் கையில் கொடுத்தீர்களே, தூ! நீங்கள் ரிட்டையர் ஆன அன்று பூமாலை, சால்வை, மைசூர்ப்பாகு எல்லாம் நடந்தது. வழியனுப்புப் பேச்சில் என்னைக் கைகாட்டி, நான் வளர்த்த பொண்ணு என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். சாவி வளையம் என்னிடம் வந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாக அலமாரிகளைத் திறந்துவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பன்னிரண்டையும் திறக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

சித்தய்யாவைத் திரும்ப உள்ளே அனுப்பச் சொல்லி அன்றே நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பிரின்சிபால் ஏன் என்று கேட்டிருப்பார். நான் கேட்கவே இல்லை. பதினோரு வருஷம் அவர் கேட்டில் நின்றார். பதினோரு வருஷமும் காலையில் "நமஸ்காரா அம்மாவ்ரே" என்றார், அதில் ஒரு குத்தல் கிடையாது. ஒரு மழை நாளில் குடையை மடக்கிக்கொண்டு நின்று, "சித்தய்யா, அவத்து..." என்று அந்த நாளைப் பற்றி ஆரம்பித்தேன். "ஹோக்லி பிடி அம்மா, மளே பர்த்திதே" என்றார். போகட்டும் விடுங்கம்மா, மழை வருது. நானும் விட்டுவிட்டு உள்ளே போனேன், மழைக்கு நன்றி சொல்லிக்கொண்டு.

உங்களிடமிருந்து நான் எதைக் கொண்டுவந்தேன் என்று கேட்டால், அடுத்தவர் மேல் பழியைப் போடுகிற பழக்கத்தைத்தான். நானும் இப்போது ரிட்டையர் ஆகிவிட்டேன், அந்த ஆர்டர் போட்ட சோற்றில்தான் வீடு கட்டினேன். சித்தய்யா நஞ்சன்கூட்டில் மகள் வீட்டில் இருக்கிறார், கண் சரியாகத் தெரிவதில்லையாம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். எத்தனையோ தடவை கிளம்பியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், பொய் சொன்னது அந்த மனுஷர்தானே, முதலில் அவர் போய் மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் நான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு பையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிடுவேன். இத்தனை வருஷம் நான் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டிருந்த ஒரே சாக்கு நீங்கள்தான் சார். அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். இனி அவர் முன்னால் போய் வாயைத் திறக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். திறப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.