பம்பரில் தொங்கிய சிரட்டை

கேகாலை பஸ் வருவதற்குள் சீட்டை எழுதி முடிக்க வேண்டும். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததில் துஷாந்தினியின் எழுத்து கோணிக்கொண்டே போனது. ரப்பர் பால் வெட்டப் போன கணவன் ஜனார்த்தனன் இன்னும் திரும்பவில்லை.

"என்னங்க, தங்கச்சியயும் பொறந்த புள்ளயயும் இன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்புறாங்க. நான் முன்னால போறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டு காரை எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. சாவி சாமி படத்துக்குப் பின்னால இருக்கு.

பச்சப்புள்ள மொதமொதல்ல ஏறுற காரு, முன் பம்பர் ரோட்டுல ஒரசிக்கிட்டு வரலாமா? கேட்டா 'நாளைக்குப் பாக்கலாம்'னே சொன்னீங்க. கோபத்துல நேத்து சாயந்தரம் நானே கட்டிட்டேன்! ரப்பர் மரத்துல பால் புடிக்கிற சிரட்டைய மாட்டுற கம்பிதான். இப்ப ஆடவே ஆடாது. கோபம் இன்னும் பாதி இருக்கு."

பஸ் சத்தம் கேட்டது. சீட்டின் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"சிரிக்காதீங்க. கைப்பழக்கத்துல கம்பியில சிரட்டையையும் மாட்டிட்டேன். கழட்டலாம்னு காலையில போனா, சிரட்டை நெறையத் தண்ணி! ரேடியேட்டர் ஒழுகுதுங்க. தெரியாம எடுத்திருந்தா புள்ளயோட நடுவழியில நின்னிருப்போம். ரெண்டு போத்தல் தண்ணி முன்சீட்டுல இருக்கு. கார் திருத்துற பாஸ்கிட்ட காட்டி ஒழுகல அடைச்சுட்டு வாங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கு!"